ரிமோட் யார் கையில இருக்கு?

ஹாய்ஸ்ட், அதாவது பாரம் தூக்கற மெஷின், விக்க வர்றவங்க எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடறாங்க. "ஒயர் பெண்டன்ட் எல்லாம் பழசுங்க சார், ரேடியோ ரிமோட் போட்டுருங்க, சேஃப்டி." பெண்டன்ட்னா ஹாய்ஸ்ட்ல இருந்து ஒயர்ல தொங்கற பட்டன் பொட்டி. அவங்க சொல்றதுல பொய்னு எதுவும் இல்லீங்க, ஆனா இதை கேக்கும்போதெல்லாம் எனக்கு உள்ள ஏதோ ஒண்ணு உறுத்தும், என்னன்னு எடுத்து சொல்ல ரொம்ப நாள் தெரியல. நான் கோயமுத்தூர் குறிச்சி பக்கம் ஒரு மெஷின் ஷாப்புல மெயின்டனன்ஸ் பாக்கறேன். பம்ப் கேசிங், கியர் பாக்ஸ் பாடி மாதிரி பெரிய பெரிய காஸ்டிங் ஃபவுண்டரில இருந்து வந்து போரிங் மெஷின்ல ஏறி இறங்கற இடம். ரெண்டு பே (ஷெட்டோட நீள பகுதி), ரெண்டு சிங்கிள் கர்டர் (ஒரே உத்தரத்துல ஓடற) கிரேன், ஒண்ணு 5 டன், இன்னொண்ணு 3 டன், ரெண்டுலயும் எலக்ட்ரிக் ஒயர் ரோப் ஹாய்ஸ்ட். பெண்டன்ட்ல இருந்து ரிமோட்டுக்கு மாத்தினப்போ ரிசீவரை பேனல்ல ஏத்தி ஒயரிங் பண்ணினதே நான்தான், அதனால இவன் ரிமோட்டுக்கு எதிரின்னு யாரும் முடிவு பண்ணிடாதீங்க.

பெண்டன்ட் காலத்து கொடுமையெல்லாம் நல்லாவே ஞாபகம் இருக்கு. அந்த கேபிளை பிடிச்சு இழுத்து இழுத்தே கிரேனை தள்ளற மாதிரி ஆளுங்க இருப்பாங்க, கேபிள் கூட வர்ற ஸ்டீல் ஒயர்தான் அந்த இழுப்பை தாங்கணும், அது அறுந்துடுச்சுன்னா இழுப்பு பூரா உள்ள இருக்கற செப்பு கோர் மேல விழும், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஒரு கோர் கட் ஆகும், கட் ஆனது எப்பவும் டவுன் பட்டனாத்தான் இருக்கும், ஜாப், அதாவது தூக்கின காஸ்டிங், அந்தரத்துல தொங்கும். போதாததுக்கு ஜாப் கூடவே நடக்கணும். கேபிள் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் தள்ளி நிக்க முடியும், கீழ டர்னிங் சுருள், ஆயில், ஏர் ஹோஸ், பேக்கிங் கட்டை எல்லாம் கிடக்கும், கண்ணு மேல ஜாப்ல இருக்கும், கால் கீழ எதுலயாச்சும் மாட்டும். ரிமோட் வந்ததும் இதெல்லாம் போச்சு. வழி நல்லா தெரியற இடமா பாத்து நின்னுக்கலாம், ஜாப் ஆடினா நம்ம மேல வராது. இவ்வளவும் நல்லதுதான்.

அப்புறம் என்ன உறுத்தல்னா, அது ஒரு நாள் மத்தியானம்தான் புரிஞ்சுது.

அந்த மத்தியானம்

ரெண்டு பேவுக்கும் நடுவுல இருக்கற தூண்ல ஒரு தகர ஷெல்ஃப் அடிச்சு, அதுலதான் ரெண்டு ரிமோட்டையும் வைப்பாங்க. சார்ஜரும் அங்கதான். ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே மஞ்சள் கலர். பின்னாடி ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல கிரேன் நம்பர் இருந்துச்சு, கட்டிங் ஆயில் கையோட பிடிச்சு பிடிச்சு அது வழவழன்னு அழிஞ்சே போயிருந்துச்சு.

ரெண்டாவது பேல ஒரு பம்ப் கேசிங்கை போரிங் மெஷின் டேபிள்ல ஏத்தியிருந்தாங்க. ஜாப்பை மெஷின்ல செட் பண்ற செட்டர் அண்ணா 3 டன் ஹூக்கை இன்னும் கழட்டல, ஜாப்பை கட்டி தூக்கற பெல்ட் ஸ்லிங் லூசா தொங்குது, ஜாப் தன் எடையில டேபிள் மேல உக்காந்திருக்கு. லெவல் பாத்து அடியில ஷிம் (மெல்லிசு தகடு) சொருகி சொருகி எடுத்துட்டு இருக்காரு, ஒரு பக்கம் கிளாம்ப் போட்டு டைட் பண்ணியாச்சு, இன்னொரு பக்கம் போடணும். ஷிம் போட ரெண்டு கையும் வேணும்ல, அதனால ரிமோட்டை கொண்டு போய் ஷெல்ஃப்ல வச்சுட்டு வந்துட்டாரு. ரிமோட்ல இருக்கற சாவியை திருப்பி ஆஃப் பண்ணல. யாருமே பண்ண மாட்டாங்க, திரும்ப ஆன் பண்ணி ஸ்டார்ட் பட்டன் அழுத்தி கான்டாக்டர் (மோட்டாருக்கு கரண்ட் விடற சுவிட்ச்) டக்குனு பிடிக்கற வரைக்கும் காத்திருக்கணுமே, அந்த ரெண்டு செகண்டுக்கு சோம்பேறித்தனம்.

முதல் பேல இருந்து புதுசா சேந்த தம்பி ஒருத்தன் வந்தான், ஷெல்ஃப்ல கைய விட்டான், கிடைச்ச ரிமோட்டை எடுத்தான், நடந்துகிட்டே அவன் கிரேனை பாத்து அப் அழுத்தினான். அவன் ஹூக் அசையல. இந்த பட்டனெல்லாம் ரெண்டு ஸ்டெப்புங்க, லேசா அழுத்தினா ஸ்லோ, முழுசா அழுத்தினா ஃபாஸ்ட். அசையலைன்னா மனுசன் என்ன பண்ணுவான்? இன்னும் கெட்டியா அழுத்துவான். அவன் அழுத்த அழுத்த, அவன் முதுகுக்கு பின்னாடி ரெண்டாவது பேல 3 டன் ஹாய்ஸ்ட் ஃபாஸ்ட் ஸ்பீடுல மேல ஏறுது. அந்த ஹாய்ஸ்ட் ஸ்பீடு நிமிசத்துக்கு 5 மீட்டர். கேக்க கம்மியா தெரியும், ஆனா ரெண்டு செகண்டுல 16 சென்டிமீட்டர் வந்துடும். ஸ்லிங் லூசு அவ்வளவுதான் இருந்துச்சு. லூசு முடிஞ்சதும் ஜாப்போட கிளாம்ப் போடாத பக்கம் டேபிளை விட்டு தூக்குது, கிளாம்ப் போட்ட பக்கம் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது, ரோப் ஒரு மாதிரி முனகுச்சு. செட்டர் அண்ணா அந்த நேரம் பாத்து இடைவெளி அளக்கற ஃபீலர் கேஜ் எடுக்க பின்னாடி ட்ரே பக்கம் திரும்பியிருந்தாரு. அவ்வளவுதான் விசயம். திரும்பலைன்னா நாலு விரல் ஜாப்புக்கும் பேக்கிங்குக்கும் நடுவுல இருந்திருக்கும், தூக்கினது திரும்ப உக்காரும்போது.

அவர் போட்ட சத்தத்துல தம்பி பதறி கைய எடுத்துட்டான், எடுத்ததும் ஹாய்ஸ்ட் நின்னுது. கிளாம்ப்போட டி-போல்ட் வளைஞ்சிருந்துச்சு, வேற ஒண்ணும் ஆகல. அந்த ஹாய்ஸ்ட்ல ஓவர்லோடு கட்-ஆஃப் அப்போ கிடையாது, இன்னும் ரெண்டு செகண்ட் அழுத்தியிருந்தா கிளாம்ப் போயிருக்குமா, ஸ்லிங் போயிருக்குமா, டேபிளே போயிருக்குமான்னு நாங்க டீ குடிக்கறப்ப இன்னும் பேசிக்கறோம்.

சாயங்காலம் ஆபீஸ் ரூம்ல விசாரணை. எல்லாரும் தம்பியைத்தான் வறுத்தெடுத்தாங்க. கண்ணு எங்க இருந்துச்சு, எந்த ரிமோட்டுன்னு பாக்க மாட்டியா, அப்படி இப்படின்னு. அவன் தலைய குனிஞ்சுட்டே நின்னான். "ரெண்டும் ஒண்ணாத்தாங்ணா இருக்கு"ன்னு மட்டும் மெதுவா என்கிட்ட சொன்னான். அவன் சொன்னதுலதான் எல்லாமே இருந்துச்சு. பெண்டன்ட் காலத்துல இந்த தப்பை ஒருத்தன் வேணும்னே பண்ணனும்னாலும் பண்ண முடியாதுங்க. உன் கையில இருக்கற பட்டன் எந்த ஹாய்ஸ்டோடதுன்னு கேள்வியே வராது, தலைய தூக்கி பாத்தா ஒயர் எங்க போகுதோ அதுதான். ஒயர்தான் அதோட விலாசம். யாரு ஓட்டறாங்கன்னு பே பூரா தெரியும், ஏன்னா ஒயரை பிடிச்சுட்டு நிக்கறவன்தான் ஓட்டறான். ஒரு ஹாய்ஸ்டை ஒரு நேரத்துல ஒருத்தன்தான் ஓட்ட முடியும், ஓட்டறவன் ஜாப் பக்கத்துலதான் நிக்க முடியும். இதெல்லாம் யாரும் சேஃப்டின்னு பேர் வச்சு பண்ணினது இல்ல, கேபிள் தொங்கினதால தானா கிடைச்சது. நாங்க கேபிளை அறுத்து எறிஞ்சப்போ இதையும் சேத்து எறிஞ்சுட்டோம், பதிலுக்கு எதையும் வைக்கல.

பதிலுக்கு என்ன வச்சோம்

முதல்ல ஷெல்ஃபை கழட்டினேன். ஒவ்வொரு பேவுக்கும் அந்தந்த கிரேன் ஐசொலேட்டர் (கிரேனுக்கு வர்ற கரண்டை வெட்டற மெயின் சுவிட்ச்) பக்கத்துலயே ஒரு சின்ன பொட்டி, அந்த ரிமோட் அங்க மட்டும்தான். 3 டன் ரிமோட்டுக்கு நீல கலர் ரப்பர் கவர், அதே நீலத்துல ஹூக் பிளாக்கும் பெயின்ட் அடிச்சாச்சு, 5 டன்னுக்கு சிவப்பு. எழுத்து அழியும், கலர் அவ்வளவு சீக்கிரம் அழியாது, தமிழ் படிக்க தெரியாத தம்பிங்களுக்கும் புரியும். பெயின்ட் செலவு ஒரு லிட்டர் கூட ஆகல.

ரெண்டாவது, ரிமோட் ஒண்ணு இடுப்பு பெல்ட்ல இருக்கணும், இல்ல ஆஃப் பண்ணி சாவி எடுத்து பொட்டிக்குள்ள இருக்கணும். டேபிள் மேல வைக்கறது, ஜாப் மேல வைக்கறது, டிரம் மேல வைக்கறது எதுவும் கிடையாது. இதுக்குத்தான் ரொம்ப எதிர்ப்பு வந்துச்சு. "ஏங்ணா, ஒவ்வொரு தடவையும் சாவிய எடுத்துட்டு இருந்தா எப்ப வேலைய முடிக்கறது"ன்னு. நியாயமான கேள்விதான், ஆனா ஹூக் ஜாப்ல மாட்டியிருக்கும்போது கைய உள்ள விடற ஆள் யாரோ அவர்கிட்டதான் அந்த சாவி இருக்கணும்னு சொன்னதும் செட்டர் அண்ணா ஒருத்தர் மட்டும் எதுவும் பேசல. அவருக்கு பிறகு மத்தவங்களும் அடங்கிட்டாங்க.

மேல ஏர்ற விசயத்துக்கும் இதே சாவிதான். கர்டர் மேல கிரீஸ் அடிக்க, கிரேனுக்கு கரண்ட் தர்ற பஸ்பார் பாக்க, லைட் மாத்தன்னு யாராவது கேன்ட்ரில (கிரேன் ஓடற மேல் தடத்துல) ஏறுவாங்க. 2025 வரைக்கும் இருந்த 1948 ஃபேக்டரீஸ் ஆக்ட்ல 29-ஆம் பிரிவுல, கிரேன் ஓடற வீல் டிராக் பக்கத்துல ஆள் வேலை செஞ்சா கிரேன் அவர்கிட்ட இருந்து 6 மீட்டருக்குள்ள வராம பாத்துக்கணும்னு எழுதியிருந்துச்சு. அந்த காலத்துல கேபின்ல உக்காந்து ஓட்டின டிரைவருக்கு டிராக் கண்ணு முன்னாடி தெரியும். கீழ ரிமோட் வச்சுட்டு ஜாப்பை பாத்துட்டு நிக்கறவனுக்கு 7 மீட்டர் உயரத்துல தூண் மறைவுல உக்காந்திருக்கறவன் எப்படி தெரிவான்? அதனால ஐசொலேட்டர் ஆஃப், அதுல பூட்டு, ரிமோட் மேல ஏர்றவன் பாக்கெட்ல. இறங்கி வந்து அவன் கையாலதான் திருப்பி தரணும்.

திசை குழப்பம் இன்னொரு தொல்லை. ரிமோட்ல இடம் வலம்னு அம்புக்குறி போட்டிருப்பாங்க, யாருக்கு இடம்? பெண்டன்ட்டும் தொங்கற இடத்துல சுத்தும்தான், ஆனா ஆளு கிரேனுக்கு அடியில நின்னு ஒரே பக்கம் பாத்து ஓட்டி பழகியிருப்பான். ரிமோட்காரன் பேல எதிர்ப்பக்கம் போய் நின்னு ஜாப்பை பாத்து திரும்பினா அம்புக்குறி எல்லாம் தலைகீழ். எங்க ஷாப்புல ரிமோட்ல ரோடு, ரயில்னு ஒட்டி வச்சிருக்கேன், ஒரு பக்கம் ரோடு இன்னொரு பக்கம் ரயில் லைன், அதே எழுத்தை கர்டர் அடியில ரெண்டு அடி உயரத்துக்கு எழுதியாச்சு. வடக்கு தெற்குன்னு எழுதறதுதான் முறை, ஆனா ஷெட்டுக்குள்ள நின்னுட்டு வடக்கு எதுன்னு டக்குனு சொல்லுங்க பாப்போம்.

எங்க நிக்கணும்

தள்ளி நிக்கலாம்ங்கறதுதான் ரிமோட்டோட பெரிய லாபம், ஆனா எப்ப பாத்தாலும் தள்ளி நிக்கறதும் தப்பு. நான் பாத்த வரைக்கும் ஜாப் விழறது கிரேன் நகரும்போது இல்லீங்க, தரைய விட்டு எழும்பற முதல் பத்து சென்டிமீட்டர்ல தான் எல்லா கோளாறும் வெளிய தெரியுது. ஹூக் ஜாப்போட வெயிட் சென்டருக்கு நேர் மேல இல்லைன்னா எழும்பின உடனே ஒரு பக்கமா சாயும், இல்ல ஊசல் மாதிரி ஓடி வரும். ஸ்லிங் காஸ்டிங்கோட கூர் முனையில உக்காந்திருந்தா அப்பத்தான் வெட்டும். இதெல்லாம் 8 மீட்டர் தள்ளி நின்னா தெரியாது. அதனால ஸ்லோல தூக்கி, ஸ்லிங் டைட் ஆனதும் நிறுத்தி, கிட்ட போய் கண்ணால பாத்து, திரும்ப ஸ்லோல பத்து சென்டிமீட்டர் தூக்கி நிறுத்தி, பிரேக் பிடிக்குதா சறுக்குதான்னு பாத்துட்டு, அதுக்கப்புறம் தள்ளி போகணும். ஜாப்புக்கும் சுவத்துக்கும், ஜாப்புக்கும் மெஷினுக்கும் நடுவுல மட்டும் எப்பவும் நிக்கக் கூடாது.

இந்த முதல் பத்து சென்டிமீட்டர்லதான் இன்னொரு பழக்கமும் ரிமோட்டால வந்துச்சு. முன்னாடி ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் பெண்டன்ட்ல, இன்னொருத்தர் ஸ்லிங் போட்டுட்டு தள்ளி வந்து "ஹபீஸ், ஹபீஸ்"னு கத்துவாரு, அப்படின்னா தூக்கு, "ஆரியா"ன்னா இறக்கு. லோடு மேஸ்திரிங்க கத்தற அந்த கத்துல யாருக்கும் தூக்கம் கூட வராது. இப்ப ஒரே ஆளு, ரிமோட்டை கழுத்துல மாட்டிக்கிட்டு, ஒரு கையில ஸ்லிங் நழுவாம பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில அப் அழுத்தறான். ஸ்லிங் டைட் ஆகும்போது ஜாப்புக்கும் ஸ்லிங்குக்கும் நடுவுல விரல் இருக்கு. முதலாளிக்கு ஒரு ஆள் மிச்சம்னு சந்தோசம். ஸ்லிங் நிக்கலைன்னா அது ஸ்லிங் போட்ட முறை தப்புன்னு அர்த்தம், கையால பிடிச்சு நிறுத்தற விசயம் இல்ல. இதை எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த ஷிஃப்ட்ல திரும்ப அதே கைதான்.

ஸ்லிங் பத்தி பேச ஆரம்பிச்சா நிக்காது, ஒண்ணே ஒண்ணு மட்டும். 2 டன் ஜாப், ரெண்டு கால் ஸ்லிங், ஆளுக்கு 1 டன் தானேன்னு நினைப்போம். ஸ்லிங் கால் தரையோட 60 டிகிரில நின்னா ஒவ்வொரு கால்லயும் 1.15 டன், 45 டிகிரின்னா 1.41 டன், 30 டிகிரிக்கு படுத்துடுச்சுன்னா ஒவ்வொரு கால்லயும் முழுசா 2 டன். ஹூக் உயரம் பத்தலைன்னு குட்டை ஸ்லிங்கை விரிச்சு மாட்டறவங்க இந்த கணக்கை ஒரு தடவை சுவத்துல எழுதி பாக்கணும்.

சைடு இழுக்கறதும் அப்படித்தான். பே ஓரத்துல கிடக்கற ஜாப்பை ஹூக் எட்டலைன்னு ரோப்பை சாய்வா மாட்டி இழுக்கறது. பெண்டன்ட்ல இருக்கும்போது ரோப் சாயறது மூஞ்சிக்கு நேரா தெரியும், ஆளுக்கே பயமா இருக்கும். ரிமோட்ல தூரத்துல இருந்து பாக்கறவனுக்கு அந்த சாய்வு தெரியறதே இல்ல. ஹாய்ஸ்ட்ல ரோப் சுத்தற டிரம்ல ரோப் வரி வரியா குரூவ்ல (பள்ளத்துல) உக்காரணும், சாய்வா இழுத்தா குரூவை விட்டு தாவி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும், ரோப் கைடு உடையும், ரோப்ல ஒரு மடிப்பு விழுந்துடுச்சுன்னா அந்த ரோப் அதோட சரி, நிமித்தி விட்டு ஓட்டறது எல்லாம் கிடையாது. எங்க 5 டன்ல போன ரோப் கைடு ரெண்டும் இப்படித்தான் போச்சு.

உல்டாவா ஓடுதுங்ணா

ஹாய்ஸ்ட் பக்கம் வேலை செய்யற எலக்ட்ரீஷியன் தம்பிங்க இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நிதானமா படிங்க. ஒரு திங்கக்கிழமை காலைல ஆபரேட்டர் போன் பண்ணி, "அப் அழுத்தினா இறங்குது, டவுன் அழுத்தினா ஏறுதுங்ணா, பரவால்ல, நான் மாத்தி அழுத்தி ஓட்டிக்கறேன்"ங்கறான். ஞாயித்துக்கிழமை கான்ட்ராக்ட் ஆளுங்க ஜெனரேட்டர் சேஞ்ஓவர்ல புது கேபிள் போட்டிருக்காங்க, ரெண்டு ஃபேஸ், அதாவது மூணு கரண்ட் லைன்ல ரெண்டு, இடம் மாறியிருக்கு, மோட்டார் எதிர் திசையில சுத்துது. நான் சாப்பிட்டுட்டு இருந்தவன் அப்படியே எந்திரிச்சு ஓடினேன்.

ஏன்னா ஹூக்கை உச்சியில நிறுத்தற அப்பர் லிமிட் சுவிட்ச் அப் கான்டாக்டரோட காயில் லைன்ல தான் இருக்கு. ஹூக் உச்சிக்கு போனா அது அப் கான்டாக்டரை விடுவிக்கும். ஃபேஸ் மாறியிருக்கும்போது ஹூக் மேல ஏறறது டவுன் கான்டாக்டரால. உச்சிக்கு போய் லிமிட் அடிச்சாலும் அது அணைக்கறது ஏற்கனவே அணைஞ்சு கிடக்கற அப் கான்டாக்டரை. மோட்டார் பாட்டுக்கு ஓடும், ஹூக் பிளாக் போய் டிரம்ல மோதும், ரோப் அறுந்து ஜாப்போட கீழ வரும். லிமிட் நல்லாத்தான் இருக்கு, ஒயரிங் நல்லாத்தான் இருக்கு, எல்லாம் நல்லா இருக்கும்போதே விழும். இதுல இன்னொரு கூத்து, சில பேர் ரிப்பேர்னு சொல்லி ரிமோட் ரிசீவர்ல அப், டவுன் ரெண்டு அவுட்புட் ஒயரையும் மாத்தி கொடுத்துட்டு போயிடுவாங்க. அப் அழுத்தினா ஏறும், ஆபரேட்டருக்கு சந்தோசம், ஆனா லிமிட் இன்னும் தப்பான கான்டாக்டர்லதான் உக்காந்திருக்கு. இது முன்னாடி இருந்ததை விட மோசம், ஏன்னா இப்ப வெளிய எதுவுமே தெரியாது. மாத்த வேண்டியது மெயின் இன்கமிங்ல ரெண்டு ஃபேஸை மட்டும்தான். ஒரு ஃபேஸ் சீக்வன்ஸ் ரிலே போட்டுட்டா ஃபேஸ் மாறினா மெயின் கான்டாக்டரே பிடிக்காது, அதோட விலை ஒரு நல்ல பெல்ட் ஸ்லிங் விலை வராது. டிரைவ் (மோட்டார் வேகத்தையும் திசையையும் தானே கட்டுப்படுத்தற எலக்ட்ரானிக் பெட்டி) போட்ட ஹாய்ஸ்ட்ல இந்த வம்பு இல்ல. எந்த திசையில போனாலும் மெயினையே வெட்டற ரெண்டாவது லிமிட் இருந்தா அதுவும் காப்பாத்தும், எங்களோடதுல அப்போ இல்ல, இப்ப இருக்கு.

அதனாலதான் காலைல முதல் வேலையா வெறும் ஹூக்கை ஸ்லோல ஏத்தி லிமிட் வெட்டுதான்னு பாக்க சொல்றது. அப் அழுத்தினா மேலதான் போகுதான்னும் அதுலயே தெரிஞ்சுடும். கூடவே ரிமோட்டோட சிவப்பு எமர்ஜென்சி பட்டனையும் ஒரு தடவை அடிச்சு பாக்கணும், மெயின் கான்டாக்டர் விழற சத்தம் கேக்கணும். பட்டன்ல இருந்து கைய எடுத்தா ஹாய்ஸ்ட் நின்னுடும்னு எல்லாரும் நம்பறோம், பெரும்பாலும் நிக்கும், ஆனா டொக்கு டொக்குனு தட்டி தட்டியே ஜாப்பை செட் பண்ற ஆளுங்க இருக்கற ஷாப்புல கான்டாக்டர் பாயின்ட் தீஞ்சு ஒட்டிக்கும். எம்5 கிளாஸ் (எவ்வளவு கடுமையா ஓட்டலாம்ங்கற தரம்) ஹாய்ஸ்ட்னா மணிக்கு 240 ஸ்டார்ட் வரைக்கும்தான் கணக்கு, தட்டற ஆளுங்க அதை கால் மணி நேரத்துல முடிச்சுடுவாங்க. பாயின்ட் ஒட்டிக்கிச்சுன்னா கைய எடுத்தாலும் மோட்டார் நிக்காது, அப்ப காப்பாத்தறது அந்த சிவப்பு பட்டன் மட்டும்தான், அது மெயினை வெட்டுது.

பிரேக் பத்தி ஒரு பயம் ஆளுங்க மனசுல இருக்கு, கரண்ட் போனா ஜாப் விழுந்துடுமோன்னு. விழாது. பிரேக்கை பிடிக்கறது ஸ்பிரிங், கரண்ட் வந்தாத்தான் காயில் அதை விடுவிக்கும், அதனால கரண்ட் போனா, சிக்னல் போனா, பேட்டரி தீந்தா அப்படியே பிடிச்சு நிக்கும். பிரேக் லைனிங் தேஞ்சு கேப் ஜாஸ்தியாச்சுன்னா சறுக்கும். நிறுத்தின பிறகு கொஞ்சம் இறங்கி நிக்குதுன்னா அன்னைக்கே கூப்பிடுங்க, அடுத்த மாசம் சர்வீஸ்னு வைக்காதீங்க. ஜாப் தொங்கும்போது ரிமோட் செத்துடுச்சுன்னா கீழ ஆளுங்களை விலக்கிட்டு ஒருத்தர் அங்கயே காவல் நிக்கணும், பேட்டரி மாத்திட்டு வர்றதுக்குள்ள எவனாவது அடியில புகுந்து போவான். கைல பிரேக்கை விடுவிச்சு இறக்கறேன்னு மேல ஏர்ற வேலை ஆபரேட்டருக்கு கிடையவே கிடையாது.

ஹேக்கர் வர்றானோ இல்லையோ

போன வருசம் சொந்தக்காரப் பையன் ஒருத்தன், ஐடில இருக்கான், "மாமா உங்க கிரேனை எல்லாம் ஹேக் பண்ணலாமாமே"ன்னு கேட்டான். விசயம் நிஜம்தான். 2019 ஜனவரில ட்ரெண்ட் மைக்ரோ கம்பெனி ஆய்வாளர்கள் ஏழு தயாரிப்பாளர்களோட தொழிற்சாலை ரேடியோ ரிமோட்டை எடுத்து சோதிச்சு, சிக்னலை பதிவு பண்ணி திரும்ப விட்டாலே கிரேன் அசையற அளவுக்கு பல ரிமோட்ல ஓட்டை இருக்குன்னு காமிச்சாங்க. கார் சாவில கூட ஒவ்வொரு தடவையும் ரகசிய நம்பர் மாறும், கோடிக்கணக்குல விலை போற ஜாப்பை தூக்கற ரிமோட் பலதுல அது அப்போ இல்ல. ஹார்பர், பெரிய ஸ்டீல் பிளான்ட்காரங்க கண்டிப்பா கவலைப்படணும். எங்க குறிச்சி ஷெட்டுக்கு 433 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவோட ஒருத்தன் மெனக்கெட்டு வர மாட்டான்னு நினைக்கறேன், எங்களுக்கு அந்த தகர ஷெல்ஃபே போதுமா இருந்துச்சு.

வருசத்துக்கு ஒருக்கா காம்பிடன்ட் பர்சன் (அரசு அங்கீகாரம் உள்ள சோதனையாளர்) வந்து ரோப், ஹூக், ஸ்லிங் எல்லாம் பாத்து சர்டிஃபிகேட் கொடுக்கணும், அதுவும் அதே பழைய 29-ஆம் பிரிவுல இருந்ததுதான், 12 மாசத்துக்கு ஒரு தடவை. எங்களுக்கு வர்றவர் நல்ல மனுசன், காலிபர் வச்சு ரோப் விட்டம் அளப்பாரு, ஹூக் லாட்ச்சை ஆட்டி பாப்பாரு, அறுந்த கம்பி எண்ணுவாரு. ஆனா ரிமோட் எங்க வைக்கறீங்க, யாருகிட்ட இருக்குன்னு அவர் கேட்டதில்ல, ஃபார்ம்ல அதுக்கு கட்டமும் இல்ல.

இன்னும் தீராத சண்டை ஒண்ணு இருக்கு, ஸ்பேர் ரிமோட். ஒரு செட் வாங்கினா ரெண்டு ரிமோட் வருது, ரெண்டும் ஒரே ஹாய்ஸ்டுக்கு, ஒரே அடையாள நம்பர். நைட் ஷிஃப்ட் லோடிங் பசங்களுக்கு ஒண்ணு கொடுத்துடுங்க, தேடிட்டு நிக்க வேண்டாம்னு ஓனர் சொல்றாரு. ஒரு ஹாய்ஸ்டுக்கு ரெண்டு பேர் கையில ரெண்டு உயிரோட இருக்கற ரிமோட்டு. முடியாதுங்க சார்னு சொல்லிட்டேன், பேட்டரிய கழட்டி என் அலமாரில வச்சு பூட்டியிருக்கேன், அவருக்கு என்மேல கொஞ்சம் கடுப்புதான். அடுத்து மூணாவது பேவுக்கு 10 டன் ஒண்ணு வருது. கோட்டேஷன்ல ரிமோட் கலர் பச்சை, ஃபேஸ் சீக்வன்ஸ் ரிலே, மெயினை வெட்டற ரெண்டாவது லிமிட், ஓவர்லோடு கட்-ஆஃப் நாலையும் எழுத்துல போட்டு தாங்கன்னு கேட்டிருக்கேன். சேல்ஸ் தம்பி மூணுக்கு உடனே சரின்னுட்டான். கலர் மட்டும் ஸ்டாண்டர்டு மஞ்சள்தான் வரும் சார்ங்கறான், பேசிட்டு இருக்கேன்.